பாதித் தாது எங்கே போனது? சான் மானுவலும் கலமசூவும்

கேள்வி: "அரிசோனாவில் சான் மானுவல் என்ற செம்பு–மாலிப்டினத் தாதுவை ஒரு பிளவு இரண்டாக வெட்டிவிட்டது, வெட்டுப்பட்ட மறுபாதி பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது என்று படித்தேன். மண்ணுக்கு அடியில் முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில் இருந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கைவிடப்பட்ட வேறொரு இடத்தில் அதே வழி உதவுமா?"

செம்பு எங்கே என்று தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பாறை எப்படி வெந்து நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தவருக்குக் கிடைத்தது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சான் மானுவல் டூசான் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில், பைனல் கவுண்டியில், சான் பெட்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது. அடிப்பாறை ஆரக்கிள் கிரானைட். வயது சுமார் 140 கோடி ஆண்டு. லாராமைடு காலத்தில், அதாவது ஏறக்குறைய 6.5 முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தக் கிரானைட்டுக்குள் போர்ஃபிரி என்னும் பாறைக்குழம்பு ஊடுருவி உறைந்தது. மாவுபோல் நுண்ணிய பரப்பில் பெரிய படிகங்கள் பதிந்திருக்கும் பாறைக்குத்தான் போர்ஃபிரி என்று பெயர். குழம்பு உறையும்போது பிரிந்த சூடான உப்புநீர் சுற்றியிருந்த பாறையை நொறுக்கி, நூல்போன்ற ஆயிரக்கணக்கான விரிசல்களில் செம்பையும் மாலிப்டினத்தையும் விட்டுச்சென்றது. தாது போர்ஃபிரியிலும் இருக்கிறது, அதைச் சூழ்ந்த பழைய கிரானைட்டிலும் இருக்கிறது. பாறையின் எல்லை வேறு, தாதுவின் எல்லை வேறு என்பதைக் கையோடு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பலர் வழுக்குவது அங்கேதான்.

செறிவு மிகக் குறைவு. 0.7 சதவீதம் என்றால் ஒரு டன் பாறையில் 7 கிலோ செம்பு. இவ்வகைப் படிவுகளில் மாலிப்டினம் பொதுவாக டன்னுக்கு 100 முதல் 300 கிராம். பெருமளவில் வெட்டினால் மட்டுமே கட்டுப்படியாகும் என்பதால், பாதி காணாமல் போவது என்பது சில கோடி டன் கணக்கில் அல்ல, பல பத்துக் கோடி டன் கணக்கில்.

மேலே தெரிந்தது ரெட் ஹில் என்ற சிவந்த சிறு மேடு மட்டுமே. மற்றதெல்லாம் பிற்காலத்துக் கூழாங்கல் படிவுகளுக்கு அடியில். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்புத் தேவை கூடியபோது அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1943இல் இங்கே துளையிடத் தொடங்கியது. 1944இல் மேக்மா காப்பர் நிறுவனம் உள்ளே வந்தது. 1950களின் நடுவில் உற்பத்தி தொடங்கியது. வெட்டிய முறை பிளாக் கேவிங்: தாதுவுக்கு அடியில் குடைந்து தாங்குதளத்தை எடுத்துவிட்டு, பாறை தன் எடையிலேயே நொறுங்கி விழ வைப்பது.

துளைகள் பெருகப் பெருகத் தாதுவின் வடிவம் வெளிப்பட்டது, அது விநோதமாகவும் இருந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தோணிபோல வளைந்த ஓடு. நடுவில் செம்பு குறைந்த பாறை. மேற்புறம் கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாக முடிகிறது. நறுக்கியது சான் மானுவல் பிளவு. தென்மேற்கு நோக்கிச் சுமார் 30 பாகை மட்டும் சரிந்த தாழ்கோணப் பிளவு அது. ஷ்வார்ட்ஸ் 1953இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்துக்காக எழுதிய அறிக்கையில் பாறை மாற்றங்கள் ஏற்கெனவே விரிவாகப் பதிவாகியிருந்தன. ஆக, தரவு பொதுவெளியில் கிடந்தது.

டேவிட் லோவெல் என்ற புவியியலாளர் 1965இல் குவின்டானா நிறுவனத்துக்காக இதைக் கையிலெடுத்தபோது புதுக்கருவி எதையும் கொண்டுவரவில்லை. அவர் கேட்ட கேள்வி: இந்தத் தோணி எதனுடைய பாதி?

போர்ஃபிரித் தாதுவைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பாறை மாறியிருக்கும். உட்கருவில் பொட்டாசிய மாற்றம்: பழுப்புநிறப் பயோடைட்டும் இளஞ்சிவப்புப் பொட்டாசியக் களிக்கல்லும் (ஃபெல்ட்ஸ்பார்) புதிதாக வளர்ந்திருக்கும். கந்தகக் கனிமங்கள் இங்கே மொத்தத்திலேயே குறைவு. அதைச் சூழ்ந்து தாது ஓடு. பைரைட் (இரும்பும் கந்தகமும் மட்டும் கொண்டது) சுமார் 1 சதவீதம், சால்கோபைரைட் (செம்பும் சேர்ந்தது, இதுதான் தாது) 1 முதல் 3 சதவீதம். அதற்கு வெளியே குவார்ட்ஸ்–செரிசைட்–பைரைட் மண்டலம் (செரிசைட் என்பது நுண்ணிய வெள்ளை மைக்கா): பாறை வெளுத்து, பட்டுப்போல மினுங்கி, பைரைட் 10 சதவீதத்தைத் தொடும். அதற்கும் அப்பால் புரோபிலைட் மண்டலம். குளோரைட், எபிடோட், கார்பனேட் சேர்ந்து பாறையே பச்சையடித்திருக்கும். சில இடங்களில் இடையே களிமண் மண்டலமும் உண்டு. தாது உட்காரும் இடம் பொட்டாசிய மண்டலமும் செரிசைட் மண்டலமும் சந்திக்கும் விளிம்பு.

சான் மானுவலில் இந்த அடுக்குகளை வரைந்து பார்த்தால், அவை நிமிர்ந்து நிற்கவில்லை, படுத்திருக்கின்றன. சுற்றுவட்டாரத்தின் இளைய படிவுகளும் வடகிழக்கே சாய்ந்து கிடக்கின்றன. லோவெல் வந்தடைந்த முடிவு: ஒருகாலத்தில் செங்குத்தாக நின்ற உருளை, நிலம் சாய்ந்தபோது கூடவே சுமார் 70 பாகை சாய்ந்து ஏறக்குறையப் படுத்துவிட்டது, அதற்குப் பின் தாழ்கோணப் பிளவு அதை நீளவாக்கில் பிளந்தது. கீழ்ப்பாதி இருந்த இடத்திலேயே தங்கியது. அதுதான் சான் மானுவல், அதனால்தான் தோணி வடிவம். மேற்பாதி, அதாவது கவிழ்த்த தோணி, பிளவின் சரிவோடு வழுக்கித் தென்மேற்கே இறங்கியிருக்க வேண்டும். (70 பாகை என்ற எண்ணைப் பின்னாளில் வந்த ஆய்வுகள் விவாதத்துக்கு உள்ளாக்கின. கண்டுபிடிப்பை அது அசைக்கவில்லை.)

இதில் பிளவின் நகர்வுத் திசைதான் உயிர்நாடி. பிளவுக்கு மேலுள்ள பாறை, அதாவது மேல்தட்டு, மேலே ஏறியிருந்தால் மறுபாதி அரித்துப் போய்ச் சேர்ந்திருக்கும், தேடவே வேண்டாம். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் முற்றிலும் வேறு திசையில் தேட வேண்டும். சரிவோடு இறங்கியிருந்தால் மட்டுமே தென்மேற்கில், ஆழத்தில் இருக்கும். லோவெல் எடுத்தது மூன்றாவது. நகர்வு கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர் என்று வந்தது. 30 பாகைச் சரிவில் அது கிடைமட்டத்தில் 2.1 கிலோமீட்டர், செங்குத்தில் 1.2 கிலோமீட்டர். இப்போது திசையை 20 பாகை தவறாகக் கணித்தோம் என்று வையுங்கள்: துளை இலக்கிலிருந்து 700 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும். அவ்வளவு விலகினால் தாது ஓட்டைத் தவறவிட்டு வெறும் பைரைட்டில் இறங்கவே வாய்ப்பு அதிகம்.

திசையைச் சரிபார்க்க உதவியது மேல்தட்டின் பழம்பாறை. மேற்கே பர்செல் சாளரம் என்ற இடத்தில் இளைய படிவு அரித்துப்போய் அடியிலுள்ள கிரானைட்டும் போர்ஃபிரியும் தலைகாட்டுகின்றன. அங்கே சொல்லிக்கொள்ளும்படி செம்பு இல்லை. ஆனால் பாறை மாறியிருக்கிறது, பைரைட் இருக்கிறது. செம்பை மட்டும் அளப்பவருக்கு அது மலட்டுப்பாறை. வெங்காயத் தோலை மனதில் வைத்திருப்பவருக்கு அது வெளித்தோல். வெளித்தோல் இருந்தால் உள்ளே பருப்பு இருக்க வேண்டும்.

துளைகள் இறங்கின, தாது கிடைத்தது. கலமசூ என்று பெயரிட்ட அந்தப் பாதியில் கணக்கிட்டது சுமார் 56.5 கோடி ஷார்ட் டன், 0.72 சதவீதச் செம்பு. மெட்ரிக்கில் 51 கோடி டன் சொச்சம். 1968இல் குவின்டானா அதை மேக்மாவுக்கு 2.7 கோடி டாலருக்கு விற்றது. 1970இல் லோவெல், ஜான் கில்பர்ட் இருவரும் 27 போர்ஃபிரிப் படிவுகளை ஒப்பிட்டு மேற்சொன்ன அடுக்கு மாதிரியை வெளியிட்டார்கள். உருளை படுத்துப் பிளந்ததால் உச்சி முதல் அடிவரை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. மாதிரி இவ்வளவு தெளிவாக வந்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. வழி உதவும். ஆனால் பழைய அறிக்கையிலுள்ள செம்புச் சதவீத அட்டவணையிலிருந்து தொடங்காதீர்கள். பழைய துளைகளின் கோர் பெட்டிகள், அதாவது பாறை உருளைகள், எங்காவது கிடக்கின்றனவா என்று விசாரியுங்கள். கோர் இல்லாவிட்டால் மீந்த அரைத்தூளாவது வேண்டும். இருந்தால் எல்லாத் துளைகளையும் ஒரே ஆள், ஒரே அளவுகோலில் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். 1950களில் ஒருவர் "களிமண் மாற்றம்" என்று எழுதியதும் 1980களில் இன்னொருவர் "செரிசைட்" என்று எழுதியதும் ஒரே பாறையாக இருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இல்லாத எல்லை ஒன்று முளைக்கும்.

பதிவில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் குறைந்தது இவ்வளவு வேண்டும்: மாற்ற வகை, பைரைட்டுக்கும் சால்கோபைரைட்டுக்கும் உள்ள விகிதம், மொத்தக் கந்தகக் கனிம அளவு, மீட்டருக்கு எத்தனை நரம்புகள் (கனிமம் நிரம்பிய விரிசல்கள்), அவை எவ்வகை. விகிதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். செம்பு 0.15 சதவீதம் மட்டுமே காட்டும் இரண்டு துளைகள் இருக்கலாம். ஒன்றில் பைரைட் பத்துக்கு சால்கோபைரைட் ஒன்று; மற்றதில் இரண்டும் சரிசமம், ஆனால் மொத்தமே கொஞ்சம். முதலாவது தாதுவுக்கு வெளியே நிற்கிறது, இரண்டாவது தாதுவைத் தாண்டி உட்கருவில் நிற்கிறது. செம்பு எண் ஒன்றேயானாலும் அடுத்த துளையை எதிரெதிர்த் திசையில் போட வேண்டும்.

நரம்பு வகைக்கு, சிலியின் எல் சால்வடாரில் செய்த ஆய்வை வைத்து 1975இல் கஸ்டாஃப்சன், ஹன்ட் இருவரும் தந்த ஏ, பி, டி என்ற பெயரீடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏ நரம்பு முறுக்கிக்கொண்டு, ஓரம் ஒழுங்கில்லாமல் போகும், முற்பட்டது. பி நரம்பு நேரான குவார்ட்ஸ், நடுக்கோட்டில் மாலிப்டினைட், அதாவது மாலிப்டினத்தின் கந்தகக் கனிமம். ஓரத்தில் செரிசைட் வெளுப்பு இராது. டி நரம்பு பைரைட் நிறைந்தது, இருபுறமும் செரிசைட் வெளுப்போடு, பிற்பட்டது. எது எதை வெட்டுகிறது என்று எழுதிவைத்தால் நிகழ்வுகளின் வரிசை கிடைக்கும். பிந்திய செரிசைட் வந்து முந்திய பொட்டாசிய மாற்றத்தை மூடிமறைப்பது சாதாரணம். வெளுத்த பாறையில் பிய்ந்துபோன பயோடைட்டின் மிச்சம் தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். தெரிந்தால் நீங்கள் நிற்பது பழைய உட்கருவின்மேல். பொட்டாசியக் களிக்கல் இருக்கிறதா என்பதற்குச் சாயச்சோதனை உண்டு: அறுத்த முகத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரை நிமிடத்துக்கு மேற்படாமல் காட்டி, கழுவி, சோடியம் கோபால்டிநைட்ரைட் கரைசலில் ஒரு நிமிடம் வைத்தால் அக்கனிமம் மஞ்சளாகும். அந்த அமிலம் தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும், ஆனால் எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் ஆவி உறிஞ்சு பெட்டியும் இல்லாத இடத்தில் இதைத் தொடக்கூடாது.

மாலிப்டினம் தனித் தொல்லை தருவது. மாலிப்டினைட் நகத்தால் கீறும் அளவுக்கு மென்மை, தகடு தகடாக உரியும், தண்ணீரில் ஒட்டாது. அது பெரும்பாலும் விரிசல் முகத்தில் படிந்திருப்பதால், கோர் உடையும்போதும், அறுக்கும் ரம்பத்தின் நீரிலும் கழுவிக்கொண்டு போகும். ஆய்வகம் தரும் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். கம்பிவடத்தில் தொங்கும் உளியால் இடித்துப் போட்ட பழைய கேபிள் துளைகளில் சேற்றை வாளியால் அள்ளி மாதிரி எடுத்தார்கள். வழிந்த நுரையோடு மாலிப்டினைட்டும் வழிந்திருக்கும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: துளைக் குழாய்களின் திருகுகளில் பூசும் மசகுகளில் சில, மாலிப்டினம் டைசல்பைடு கலந்தவை. குழாய் மாட்டும் ஒவ்வொரு 3 மீட்டர் இடைவெளியிலும் மாலிப்டினம் ஒழுங்காக எகிறினால் பாறையைச் சந்தேகிக்கும் முன் மசகு டப்பாவைப் பாருங்கள்.

பழைய அறிக்கையில் எண் எதைக் குறிக்கிறது என்பதும் முக்கியம். மாலிப்டினைட்டில் மாலிப்டினம் 60 சதவீதம்தான். "மாலிப்டினைட் 0.030" என்று எழுதியதை "மாலிப்டினம் 0.030" என்று நகலெடுத்தால் இருப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும், சரியான எண் 0.018. ஷார்ட் டன்னையும் மெட்ரிக் டன்னையும் குழப்பினால் இன்னொரு 10 சதவீதம். "செம்புச் சமம்" என்று ஒரே எண்ணாகத் திரட்டியிருந்தால், அதற்குள் எந்த ஆண்டின் மாலிப்டின விலை, எவ்வளவு மீட்பு விகிதம் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம்.

மேற்பரப்பில் மாலிப்டினம் நல்ல வழிகாட்டி. பைரைட் நிறைந்த பாறை மழையில் நனைந்தால் அமிலம் உண்டாகும். அமிலத்தில் செம்பு கரைந்து கீழே இறங்கும். மாலிப்டினம் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கும். அதனால் செம்பே காட்டாத துருப்பிடித்த மண்ணில், சராசரியான பத்து லட்சத்தில் 1–2 பங்குக்குப் பதில் பல பத்துப் பங்கு மாலிப்டினம் வந்தால் கவனிக்க வேண்டும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் கதை தலைகீழ்: செம்பு நிற்கும், மாலிப்டினம் ஓடும். சுண்ணாம்புப் பகுதியில் இதே விதியைப் பொருத்தினால் ஏமாற்றம்தான். வுல்ஃபெனைட் என்ற ஈய மாலிப்டேட் படிகத்தைக் கண்டு துள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். சான் மானுவலுக்கு அருகிலேயே டைகர் என்ற இடத்தில் மாமத்–செயின்ட் ஆன்டனி சுரங்கம் அழகான வுல்ஃபெனைட்டுக்குப் புகழ்பெற்றது, மாலிப்டினமும் எடுத்தார்கள். ஆனால் அந்த நரம்புகள் போர்ஃபிரியைவிட இளையவை; ஈயத் தாது ஆக்சிஜனேறும் இடங்களில் வரும் கனிமம் அது, போர்ஃபிரிக்கு அம்புக்குறி அல்ல.

அடுத்து, மின்முறை. தூண்டு முனைவாக்க அளவீடு, அதாவது ஐபி, பாறையில் சிதறிய கந்தகக் கனிமங்களைக் காட்டும். எந்தக் கனிமம் என்று சொல்லாது. 10 சதவீதப் பைரைட் கொண்ட வெளிவளையம்தான் அதில் மிகப் பளிச்சென்று தெரியும். அதன் நடுவில் துளையிட்டு, செம்பில்லை என்று கைவிட்ட இடங்கள் உலகெங்கும் உண்டு. வளையத்தின் உட்புற விளிம்பே இலக்கு. காந்த அளவீட்டையும் கூடவே வைத்துப் பாருங்கள்: பொட்டாசிய உட்கருவில் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் இருந்தால் காந்தம் உயரும், செரிசைட் மண்டலத்தில் மேக்னடைட் அழிந்துபோவதால் தாழும். ஐபி உச்சமும் காந்தத் தாழ்வும் ஒன்றாக வந்தால் அது பெரும்பாலும் பைரைட் வளையம்.

சாய்ந்த உருளையில் செங்குத்துத் துளை போடும்போது வாசிப்பும் மாறும். நிமிர்ந்த உருளையின் உள்ளே மேலிருந்து இறங்கினால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஒரே மண்டலம். படுத்த உருளையில் பச்சைப்பாறை, வெளுத்த பைரைட்பாறை, தாது, செம்பு குறைந்த உட்கரு என்று அடுத்தடுத்து மாறும். கலமசூவைப் போன்ற இடத்தில் அதன்பின் பிளவின் அரைத்த களிமண் வரும். அதைத் தாண்டியபின் வேறு தட்டு, வேறு பாறை. மண்டலங்கள் வேகமாக மாறுகின்றன என்றால் முதலில் சாய்வைச் சந்தேகியுங்கள். அருகிலுள்ள இளைய படிவுகளின் சாய்கோணத்தை அளப்பது ஒருநாள் வேலை, செலவும் இல்லை. ஒரு கிலோமீட்டர்த் துளை போடும் முன் அதைச் செய்யாமல் விட்டவர்கள் நிறைய.

எல்லா வெளித்தோலுக்கு உள்ளேயும் பருப்பு இருக்கும் என்றும் நினைத்துவிடக்கூடாது. கந்தகமும் நீரும் இருந்து செம்பு இல்லாத போர்ஃபிரிகள் ஏராளம். அடுக்கு மாதிரி சொல்வது, தாது இருந்தால் எங்கே இருக்கும் என்பதை மட்டுமே. சரியான விளிம்பை மூன்று நான்கு இடங்களில் துளைத்தும் சால்கோபைரைட் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பைரைட் வளையத்தில் மட்டும் பத்துத் துளை போட்டு நிறுத்தியிருந்தால் அந்த இடம் இன்னும் சோதிக்கப்படவில்லை.

கண்டுபிடித்தது 1965இல் என்றாலும், கலமசூவிலிருந்து தாது எடுப்பது 1990களில்தான் நடந்தது. அந்த ஆழத்தில் புதிய சுரங்கத்தளம் அமைக்கும் செலவும், பழைய பாதியில் தாது இன்னும் மிச்சமிருந்ததும் காரணம். 1996இல் மேக்மாவை பிஎச்பி வாங்கியது. 1999இல் செம்பு விலை வீழ்ந்தபோது சுரங்கம் நிறுத்தப்பட்டது, பிறகு திறக்கவில்லை. உருக்காலையின் இரண்டு புகைபோக்கிகளையும் 2007 ஜனவரியில் வெடிவைத்துச் சாய்த்தார்கள். கலமசூவின் தாதுவில் ஒரு பகுதி இன்னும் அதே ஆழத்தில் இருக்கிறது.